கல் இல்லாத ஊரிலிருந்து பாறை ஏறப் போகிறவனின் செலவுக் கணக்கு

எங்கள் கடையில் கயிறு கிலோ கணக்கில் போகும். கும்பகோணத்தில் ஹார்டுவேர் கடை என்றால் அப்படித்தான். போர் மோட்டாரை இறக்குகிற பச்சைக் கயிறு, மாட்டுக்குத் தும்பு, பந்தல்காரர்கள் கேட்கிற கொச்சக்கயிறு, சாரம் கட்டுகிற கயிறு என்று உத்தரத்திலிருந்து சுருள் சுருளாகத் தொங்கும். கேட்ட நீளத்துக்கு வெட்டி, முனை பிரிந்துவிடாமல் மெழுகுவர்த்தியில் காட்டி உருக்கிக் கொடுத்தே வளர்ந்தவன் நான். அப்படிப்பட்ட வீட்டில், பாறை ஏறுவதற்கென்று தனிக் கயிறு இருக்கிறது, ஒரு சுருள் பத்தாயிரம் ரூபாயைத் தொடும் என்று சொன்னால் என்ன நடக்கும்? அப்பா கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நம்ம கடையிலேயே கெடக்கு. எத்தனை மீட்டர் வேணும்னு சொல்லு" என்றார்.

அவருக்குச் சொன்ன பதிலை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கமிருந்து பெங்களூரில் வேலைக்குப் போன பிள்ளைகள் வார இறுதியில் பாறையில் தொங்குகிற படத்தை அனுப்புகிறார்கள். ஊரில் இருக்கிற தம்பிக்கும் மச்சானுக்கும் ஆசை வருகிறது. கையில் எட்டாயிரமோ பத்தாயிரமோ இருக்கும். உடனே போனில் தேடி, முதலில் கண்ணில் படுகிற 'கிட்'டை வாங்கிவிடத் தோன்றும். அதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

நம் ஊரின் நிலைமையை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். இங்கே பாறை கிடையாது. தோண்டினால் வண்டல், அதற்குக் கீழே மணல். பெரிய கோயிலுக்கே கல் வெளியிலிருந்துதான் வந்தது. ஏறத் தகுந்த பாறை இருக்கும் இடங்களில் நமக்கு வசதியானது பெங்களூருக்குத் தென்மேற்கே சுமார் 50 கிலோமீட்டரில் உள்ள ராமநகரம். அங்கே ஓடுகிற அர்க்காவதி காவிரியில்தான் வந்து கலக்கிறது. அந்த ஊர்க் கிரானைட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, நம் வாய்க்கால் மணலில் ஏதோ ஒரு துகளாகக் கிடக்கும் என்று நினைத்துக்கொள்வேன். அதில் ஏற முடியாது, அவ்வளவுதான்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நாம் வருடத்தில் சில தடவைதான் ஏறப்போகிறோம். வாரம் இரண்டு நாள் பயிற்சிக்கான செயற்கைச் சுவர் ஏறுகிற பெங்களூர்க்காரருக்குப் பொருந்துகிற வாங்கும் பட்டியல் நமக்குப் பொருந்தாது. அவருடைய சாமான் உழைத்துத் தேயும். நம்முடையது பீரோவில் கிடந்தே வயதாகும். நைலானால் ஆன எதுவும், அது கயிறோ, இடுப்பில் மாட்டுகிற ஹார்னஸோ, ஒரு நாள்கூடப் பயன்படுத்தாவிட்டாலும் தயாரித்த தேதியிலிருந்து 10 வருடத்தில் ஓய்வு கொடுக்கச் சொல்கிறார்கள் பெரும்பாலான தயாரிப்பாளர்கள். அப்படியானால் குறைந்த பணத்தில் எதை வாங்குவது என்பதைவிட, எதை இப்போது வாங்காமல் இருப்பது என்பதுதான் நம்முடைய கேள்வி.

கயிற்றுக்கு வருவோம். கடைக் கயிறு ஏன் ஆகாது? வலு இல்லாததால் அல்ல. போர் மோட்டார் கயிறு நல்ல எடை தாங்கும், அதற்காகத்தான் அது இருக்கிறது. சிக்கல் வேறு. அது பாலிபுரொப்பிலீன், அவ்வளவாக நீளாது. மோட்டாரை மெல்ல இறக்குகிறோம், மெல்லத் தூக்குகிறோம், நீளத் தேவையும் இல்லை. பாறையில் கைவிட்டு விழுகிற ஆள் மெல்ல இறங்குவதில்லை. மூன்று நான்கு மீட்டர் விழுந்து சட்டென்று நின்றால், அந்த உதறலை யாராவது வாங்க வேண்டும். கயிறு நீண்டு கொடுத்து வாங்கினால் ஆள் பிழைப்பான். கயிறு விறைப்பாக நின்றால் அடி முதுகெலும்புக்கும் மேலே அடித்திருக்கிற ஆணிக்கும் போகும். கயிறு அறுந்திருக்காது, ஆனால் அதில் தொங்குகிறவனுக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை.

ஏறுகிறவர்களின் கயிறு, டைனமிக் ரோப் என்பது, நைலான். உள்ளே முறுக்கிய இழைக் கற்றைகள், மேலே நெருக்கமாகப் பின்னிய உறை. ஐரோப்பியத் தர எண் ஈ.என். 892. ஒற்றைக் கயிறாகப் பயன்படுத்தும் வகைக்கு என்ன சோதனை தெரியுமா? 80 கிலோ எடையைக் கட்டி, ஏறுகிறவருக்கு வரக்கூடிய மிக மோசமான விழுகைக்குப் பக்கத்தில் இருக்கும்படி விழவிடுகிறார்கள். முதல் விழுகையில் ஆள் பக்கம் வருகிற இழுப்பு 12 கிலோநியூட்டனை, அதாவது சுமார் 1,200 கிலோவின் எடையைத் தாண்டக்கூடாது. அதே போல் குறைந்தது 5 முறை விழவிட்டும் கயிறு அறக்கூடாது. அந்த முதல் விழுகையில் கயிறு 40 சதவீதம் வரை நீளலாம். சும்மா 80 கிலோவைத் தொங்கவிட்டால் 10 சதவீதத்துக்கு மேல் நீளக்கூடாது.

இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். எங்கள் கடையில் நீளுகிற கயிறு என்றால் மட்டமான கயிறு. "இழுத்தா நீளுது, வேற மாத்திக் கொடுங்க" என்று திருப்பிக் கொண்டுவருவார்கள். "நீளுற கயித்துக்கா இவ்வளவு காசு கேக்குறான்?" என்றார். ஆமாம்ப்பா, நீளுவதற்குத்தான் காசு.

இன்னொன்றும் கவனியுங்கள். இணையத்தில் தேடும்போது 'ஸ்டாட்டிக் ரோப்' என்று பளபளப்பான கயிறு விலை குறைவாக வரும். உறை, பின்னல் எல்லாம் அதே போலத்தான் இருக்கும். அது ஈ.என். 1891, குகையில் இறங்கவும் மீட்பு வேலைக்கும் கட்டடத்தில் தொங்கி வேலை செய்யவும் ஆனது. வேண்டுமென்றே நீளாதபடி செய்தது. அதைக் கட்டிக்கொண்டு கயிற்றைக் கீழிருந்து இழுத்துக்கொண்டே ஏறுவது, அதாவது லீட் ஏறுவது, ஆபத்து. சுருளின் முனையில் ஒட்டியிருக்கும் சின்ன வளையத்தில் தர எண் அச்சிட்டிருக்கும், வாங்குவதற்கு முன் அதைப் படியுங்கள்.

சரி, நல்ல டைனமிக் கயிறு வாங்கிவிடலாமா? என் பதில், வேண்டாம். முதல் வருடத்தில் நிச்சயம் வேண்டாம். கயிறு மட்டும் இருந்து ஒன்றும் ஆகாது. பாறையில் பூட்டிக்கொண்டே போக பத்துப் பன்னிரண்டு குவிக்டிரா, அதாவது பட்டையால் இணைத்த இரட்டைக் கொக்கி, வேண்டும், மேலே கயிற்றை நிலையாக மாட்டும் நங்கூரம் கட்ட ஸ்லிங் என்கிற பட்டை வளையமும் பூட்டுக் காரபைனர் என்கிற கொக்கிகளும் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக அந்த நங்கூரம் சரியாகக் கட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லக்கூடிய அறிவு வேண்டும். அந்த அறிவு உள்ளவரிடம் ஏற்கனவே கயிறு இருக்கும். அந்த அறிவு நமக்கு வருகிற வரைக்கும் அவருடைய கயிற்றில்தான் நாம் ஏறியாக வேண்டும். பிறகு நம் கயிறு எதற்கு? பீரோவில் கிடந்து வயதாகவா?

முதலில் வாங்க வேண்டியது ஷூ. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஷூ மோசமாகப் போனால் வழுக்கும், காலைக் கடிக்கும், அதற்குமேல் ஒன்றும் இல்லை. உயிர் அதில் தொங்கவில்லை. அதனால் தயக்கமில்லாமல் மலிவானதில் தொடங்கலாம். அதே சமயம் ஏறுகிற அனுபவத்தை மிக அதிகமாக மாற்றுவதும் அதுதான். வாடகை ஷூ பல கால்களில் பட்டு மழுங்கியிருக்கும். ராமநகரத்துக் கிரானைட் பெரும்பாலும் சாய்ந்த பலகைப் பாறை. கைக்குப் பிடி குறைவு, காலை நம்பித்தான் நிற்க வேண்டும். அங்கே விரல் நுனிக்குக் கீழே இருக்கிற ரப்பர்தான் எல்லாம்.

டெகாத்லான் விற்கிற சிமோன் என்கிற பெயர் பலருக்குத் தெரிந்திருக்கும். 1860இல் பிரான்சின் ஷாமோனிப் பள்ளத்தாக்கில் தொடங்கிய பட்டறை அது, 2008இல் டெகாத்லான் வாங்கிக்கொண்டது. அவர்களுடைய ஆரம்ப நிலை ஷூதான் நம் பட்ஜெட்டில் வருகிறவற்றில் எளிதாகக் கிடைப்பது. எல்லாக் கிளையிலும் வைத்திருக்க மாட்டார்கள், போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போங்கள். லா ஸ்போர்ட்டிவா, ஸ்கார்ப்பா போன்ற இத்தாலிக் கம்பெனிகளும் ஆரம்பநிலை ஷூ செய்கின்றன. இன்னும் கொஞ்சம் செலவாகும். வளைந்து கொக்கி போல முனை தாழ்ந்திருக்கும் ஷூவைப் பார்த்து மயங்காதீர்கள். அது குடைந்த சுவரில் தலைகீழாக ஏறுகிறவர்களுக்கு. நமக்குத் தட்டையான அடி, கொஞ்சம் விறைப்பு, நாலைந்து மில்லிமீட்டர் ரப்பர் போதும்.

அளவு விஷயத்தில் அவசரப்படக் கூடாது. நாம் சின்ன வயதிலிருந்து செருப்பும் வெறுங்காலுமாக நடந்தவர்கள், விரல்கள் நன்றாக விரிந்திருக்கும். ஐரோப்பிய ஷூ பல முன்பக்கம் ஒடுங்கியவை. ஆன்லைனில் நம்பரைப் பார்த்து வாங்கினால் நீளம் சரியாக இருக்கும், சுண்டுவிரல் கதறும். கடைக்குச் சாயங்காலம் போங்கள், பகலெல்லாம் நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு, சாக்ஸ் இல்லாமல் போடுங்கள். பெருவிரல் முன்னால் முட்டி லேசாக மடங்க வேண்டும், வலிக்கக் கூடாது. குதிகாலில் காற்று நிற்கிற இடைவெளி இருக்கக் கூடாது. ஒரு காலைப் படியின் விளிம்பில் விரல் நுனி மட்டும் படும்படி வைத்து, முழு எடையையும் கொடுத்து ஒரு நிமிடம் நின்று பாருங்கள். உள்ளே கால் நகர்ந்தால் பெரிது. கண்ணில் தண்ணீர் வந்தால் சின்னது. தோல் ஷூ போடப்போட நன்றாகவே விட்டுக்கொடுக்கும், செயற்கைத் துணி அவ்வளவு கொடுக்காது. இரண்டு நம்பர் குறைத்துப் போட்டால்தான் ஏற முடியும் என்று யாராவது பெருமையடித்தால் சிரித்துவிட்டு நகருங்கள்.

எங்கள் தெருவில் தேங்காய் பறிக்க வருகிற அண்ணன் என் ஷூவைக் கையில் வாங்கிப் பார்த்தார். அடி ரப்பரைக் கட்டைவிரலால் அழுத்தி, நகத்தால் சுரண்டி, முகர்ந்தும் பார்த்தார். "மழையில வழுக்காதா தம்பி?" என்று கேட்டார். வழுக்கும் அண்ணே, மழையில் பாறைப் பக்கமே போகமாட்டோம் என்றேன். மழை நாளில் தானும் மரம் ஏறமாட்டேன் என்றார். அதற்குமேல் அவருக்கு அதில் ஆர்வம் இல்லை. விலையைக் கேட்கவில்லை, நல்லவேளை.

அடுத்தது ஹெல்மெட். பெரும்பாலானவர்கள் ஹார்னஸை இரண்டாவதாகச் சொல்வார்கள், நான் ஹெல்மெட்டைச் சொல்வேன். பயிற்சிக்கு அழைத்துப் போகிறவர்கள் கொடுக்கும் ஹெல்மெட் பலர் தலைக்குப் போனது, எத்தனை முறை கீழே விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. பைக் ஹெல்மெட்டையே மாட்டிக்கொண்டால் என்ன? அது ஐ.எஸ். 4151, நம் நாட்டுத் தர எண். சாலையில் விழுகிறவருக்கு ஆனது. கனம், வெக்கை, அண்ணாந்து பார்த்தால் பிடரியில் இடிக்கும். எங்கள் கடையில் விற்கிற மஞ்சள் சைட் ஹெல்மெட், ஐ.எஸ். 2925, மேலிருந்து விழும் செங்கல்லுக்குச் சரி. ஆனால் ஆளே தலைகீழாகப் புரண்டு விழும்போது தாடைப்பட்டை பிடித்து நிற்க வேண்டும், அதற்கு அதைச் செய்யவில்லை. வாங்க வேண்டியது ஈ.என். 12492 என்று உள்ளே ஒட்டியிருப்பது. தடித்த பிளாஸ்டிக் ஓடு போட்ட சாதா வகை விலை குறைவு, கொஞ்சம் கனம், ரொம்ப நாள் உழைக்கும். லேசான நுரை வகை அழகாக இருக்கும், மைசூர் எக்ஸ்பிரஸில் பையோடு நசுங்கினால் போச்சு.

ஹார்னஸ் விஷயத்திலும் எங்கள் கடையில் போட்டிச் சரக்கு உண்டு. பெயின்டர்களும் டவர் வேலைக்காரர்களும் மாட்டுகிற சேஃப்டி பெல்ட், ஐ.எஸ். 3521. தோளையும் தொடையையும் சுற்றி வரும், முதுகில் ஒரு இரும்பு வளையம். விழுந்தவரைப் பிடித்துத் தொங்கவிடுவதற்கு அது சரியான சாமான். ஆனால் ஏறுகிறவருக்கு முன்பக்கம், இடுப்பில் கட்ட வேண்டும். உட்கார்ந்த நிலையில் தொங்க வேண்டும். கீழே நிற்கிற துணையாளும் அதே வகை ஹார்னஸிலிருந்து கயிறு விட வேண்டும். அதற்கு ஈ.என். 12277 போட்ட இடுப்பு ஹார்னஸ்தான் வேண்டும். நாலு கியர் வளையமா மூன்றா என்பதெல்லாம் நமக்கு இப்போது விஷயமில்லை, மாட்ட ஒன்றுமில்லையே. இடுப்புப் பட்டை இடுப்பு எலும்புக்கு மேலே உட்கார்ந்து, இறுக்கிய பிறகு கீழே உருவி வராமல் இருந்தால் சரி. கடையில் தொங்கிப் பார்க்க வசதி இருந்தால் கூச்சப்படாமல் தொங்கிப் பாருங்கள்.

எந்தக் கையேட்டிலும் எழுதாத ஒன்று. வெள்ளி அரைஞாண் போட்டிருப்பவர்கள் அன்றைக்குக் கழற்றிவிடுங்கள். பட்டைக்கும் தோலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழு எடையில் அழுத்தும். மோதிரமும் அப்படித்தான், விரலோடு போய்விடும். நீளமாகச் சடை போடுகிறவர்கள் அதை முடிந்து உள்ளே செருக வேண்டும். கீழே கயிறு விடுகிற கருவிக்குள் முடி போய்ச் சிக்கினால் எடுப்பது பெரும்பாடு.

ஹார்னஸ் வாங்குகிற அன்றைக்கே கயிறு விடும் கருவியும் ஒரு பூட்டுக் காரபைனரும் வாங்கிவிடுங்கள், மூன்றும் ஒரே செட். பிலே டிவைஸ் என்பார்கள், ஏறுகிறவர் விழுந்தால் கீழே நிற்கிறவர் கயிற்றை நிறுத்திப் பிடிப்பது அதில்தான். இரண்டு ஓட்டை உள்ள குழாய் வகை மிக மலிவு, கெட்டுப்போக அதில் அசையும் பாகமே இல்லை. பெட்ஸ்ல் கம்பெனி 1991இல் கொண்டுவந்த கிரிகிரி போன்ற தானாகக் கயிற்றைப் பிடிக்க உதவும் வகை பல மடங்கு விலை. நான் குழாய் வகையில் கற்றுக்கொள்ளச் சொல்வேன். கயிற்றைப் பிடித்திருக்கிற பிரேக் கையை ஒரு கணமும் விடக்கூடாது என்பது அதில் உடம்பில் ஊறும். கிரிகிரியோடு தொடங்கியவர்களில் சிலர் கையை விட்டுவிட்டு மூக்கைச் சொறிவதைப் பார்த்திருக்கிறேன்.

காரபைனரைக் கையில் எடுத்து அதன் முதுகைப் படிக்கப் பழகுங்கள். எங்கள் கடையிலும் கொக்கி உண்டு, நாய்ச் சங்கிலிக்கும் வாளிக்கும். பார்க்க அப்படியேதான் இருக்கும். ஆனால் அதன் மேல் எண் இருக்காது, இருந்தாலும் நம்ப ஆளில்லை. ஏறுகிற காரபைனரின் முதுகில் மூன்று எண்கள் பொறித்திருக்கும், பக்கத்தில் சின்ன அம்புக்குறிகள். நீளவாக்கில் இழுத்தால் எவ்வளவு, குறுக்காக இழுத்தால் எவ்வளவு, வாய் திறந்திருக்கும்போது எவ்வளவு. உதாரணத்துக்கு 22, 8, 6 என்று வைத்துக்கொள்ளுங்கள், எல்லாம் கிலோநியூட்டன். ஒரு கிலோநியூட்டன் என்பது சுமார் 100 கிலோவின் எடை. அதாவது நேராக இழுத்தால், கொள்முதல் நிலையத்தில் எடை போடுகிற 40 கிலோ நெல் மூட்டையில் ஐம்பத்தைந்து மூட்டை தொங்கலாம். குறுக்கே திரும்பிவிட்டால் இருபதுதான். இதைப் படித்த பிறகு, காரபைனர் இடுப்பில் திரும்பிக் கிடக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்ப்பீர்கள். வாங்க வேண்டியது பேரிக்காய் வடிவத்தில், திருகிப் பூட்டுகிற வாய் உள்ளது. ஐரோப்பாவின் சி.இ. முத்திரையும் ஈ.என். 12275 என்ற எண்ணும் இருக்க வேண்டும். பலவற்றில் யு.ஐ.ஏ.ஏ. என்றும் இருக்கும், 1932இல் தொடங்கிய உலக மலையேற்றக் கூட்டமைப்பின் முத்திரை அது. ஆன்லைனில் அஞ்சு கொக்கி சேர்ந்து முந்நூறு ரூபாய் என்று வருவதைச் சாவிக்கொத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அவற்றில் சிலவற்றின் மேலேயே ஏறுவதற்கு அல்ல என்று பொறித்திருப்பான்.

காசு மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் வேறு. சாக் பவுடர் வைக்கிற பைக்கு எழுநூறு ரூபாய் கொடுக்க வேண்டியதில்லை. ஒரு ஜீன்ஸ் காலைக் கொடுத்தால் தெருமுனை டெய்லர் வாய் விறைப்பாக நிற்கும்படி தைத்துக் கொடுப்பார், உயிர் அதில் தொங்கவில்லை. பவுடர் மட்டும் மக்னீசியம் கார்பனேட்டாக இருக்க வேண்டும், ஜிம்னாஸ்டிக்ஸ்காரர்கள் கையில் பூசுகிற அதே பொருள். அதைப் பாறைக்குக் கொண்டுவந்தவர் ஜான் கில் என்ற அமெரிக்கர், அவரும் ஜிம்னாஸ்ட்தான், 1950களில். பள்ளிக்கூட சாக்பீஸைப் பொடித்துப் பூசினால் வேலைக்காகாது. பிடிகளில் படிந்த பவுடரைத் தேய்க்கப் பழைய பல் துலக்கும் பிரஷ், விரல் தோல் கிழியாமலிருக்க மருந்துக்கடைத் துணி பிளாஸ்டர், கயிற்றை மண்ணில் படாமல் குவிக்க நெல் காயவைக்கிற தார்ப்பாயில் ஒரு துண்டு. இதற்கெல்லாம் தனியாக விலையுயர்ந்த சாமான் விற்கிறார்கள். பெங்களூர்ப் பையன்கள் என் தார்ப்பாயைப் பார்த்து எங்கே வாங்கினாய் என்று கேட்டார்கள். எங்கள் கடையில்தான்!

பழைய சாமான் வாங்கலாமா என்றால், ஷூ வாங்கலாம். கண்ணுக்குத் தெரிகிற பள்ளமோ விரிசலோ இல்லாத, வாய் சுண்டி மூடுகிற காரபைனரையும், யாருடையது என்று தெரிந்தால், வாங்கலாம். துணியால் ஆனது எதுவும் வேண்டாம். என் மாமா மகன், நான் அத்தான் என்று கூப்பிடுகிறவர், பெங்களூரில் பத்து வருடத்துக்கும் மேலாக ஏறுகிறார். தன் பழைய ஹார்னஸைச் சும்மாவே எடுத்துக்கொள் என்றார். உள்பக்கம் தைத்திருந்த லேபிளைப் பார்த்தேன், வெள்ளையாக இருந்தது, ஓர் எழுத்து இல்லை. எந்த வருடம் செய்தது என்று அவருக்கும் நினைவில்லை. சொந்தக்காரர் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்வது நம் வீடுகளில் லேசான காரியமா? அத்தை மனசு கோணக்கூடாதே என்று வாங்கிக்கொண்டு வந்தேன். இப்போது அது எங்கள் குடோனில் பெயின்ட் டின்களைக் கட்டித் தூக்கப் பயன்படுகிறது. அத்தானிடம் சொல்லிவிட்டேன், அத்தையிடம் சொல்லவில்லை.

குடோன் என்றதும் ஞாபகம் வருகிறது. வாங்கிய சாமானை எங்கே வைப்பது என்பதும் நம் ஊரில் ஒரு வேலை. பேட்டரி ஆசிட் நைலானின் எமன். ஆவி பட்டாலே போதும், வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே இழை செத்திருக்கும். இன்வெர்ட்டர் இருக்கிற அறை, உர மூட்டை, பூச்சி மருந்து, தின்னர், எதன் பக்கத்திலும் வைக்காதீர்கள். ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் பூட்டிய பீரோவுக்குள் பூஞ்சை பிடிக்கும். துணிப்பையில் போட்டு, காற்று வரும் அறையில், வெயில் படாமல் தொங்கவிடுங்கள். தொங்கவிடுவதற்கு இன்னொரு காரணம் எலி. அறுவடைக்குப் பிறகு வயல் எலி வீட்டுக்கு வருகிற ஊரில் இருக்கிறோம். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கடற்கரையில் இருப்பவர்கள் காரபைனரை அவ்வப்போது நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்க வேண்டும், உப்புக்காற்றில் அலுமினியமும் அரிக்கும்.

சாமான் வந்ததும் கை அரிக்கும், எங்காவது பக்கத்திலேயே ஏறிப் பார்க்கத் தோன்றும். திருச்சி மலைக்கோட்டை, நார்த்தாமலை, சித்தன்னவாசல், குடுமியான்மலை என்று பெயர்கள் வரிசையாக மனதில் வரும். கூடாது. அங்கெல்லாம் கோயிலும் குடைவரையும் கல்வெட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன, சட்டமும் தண்டனையும் ஒரு பக்கம் இருக்கட்டும், ஆயிரம் வருடத்துக்கும் மேலான எழுத்தின் மேல் ரப்பர் ஷூவால் தேய்க்க நமக்கு மனசு வருமா? புதுக்கோட்டைப் பக்கத்துக் கைவிட்ட கல் குவாரிகளும் வேண்டாம். வெடி வைத்துப் பிளந்த பாறை எது எப்போது பெயரும் என்று சொல்ல முடியாது. ராமநகரத்திலும் ராமதேவர பெட்டா 2012 முதல் கழுகுச் சரணாலயம், மற்ற குன்றுகளுக்கும் அனுமதி விவரத்தைக் கூட்டிப் போகிறவரிடம் கேட்டுக்கொண்டே கிளம்புங்கள். கயிறே இல்லாமல் உருண்டைப் பாறைகளில் ஏறுகிற ஆசை வந்தால் ஹம்பி இருக்கிறது. கீழே விரிக்கிற மெத்தை அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். அதை வாங்கி ரயிலில் தூக்கிக்கொண்டு போக நினைப்பவர் மேல் பெர்த்தில் தான் எங்கே படுப்பது என்பதையும் யோசிக்கட்டும்.

இவ்வளவும் கூட்டினால் ஷூ, ஹெல்மெட், ஹார்னஸ், பிலே டிவைஸ், காரபைனர் எல்லாம் சேர்ந்து பத்தாயிரத்தைத் தாண்டும். விலை ஏறி இறங்கும், அதனால் தனித்தனியாக எழுதவில்லை. முழுத் தொகையையும் ஒரே நாளில் செலவழிக்காதீர்கள். முதல் பயணத்துக்கு ஒன்றும் வாங்காமல் போங்கள், அந்தப் பணத்தை முறையாகச் சொல்லிக்கொடுக்கிறவருக்குக் கொடுங்கள். கர்நாடக அரசின் ஜெனரல் திம்மய்யா சாகச அகாடமி பாறையேற்றப் பயிற்சி நடத்துகிறது. இன்னும் ஆழமாகப் போக ஆசைப்படுகிறவர்களுக்கு 1965இல் தொடங்கிய உத்தரகாசி மலையேற்ற நிறுவனம் இருக்கிறது. இப்படிப்பட்ட பயிற்சிகளில் கருவிகளைப் பெரும்பாலும் அவர்களே தருவார்கள். திரும்பி வந்த பிறகும் ஆசை அப்படியே இருந்தால் ஷூ வாங்குங்கள். அடுத்த போனஸில் ஹெல்மெட், அதற்கடுத்து ஹார்னஸ் செட்.

ஏறுவதற்கு நல்ல மாதம் கார்த்திகை முதல் மாசி வரை, அங்கே பாறை குளிர்ந்திருக்கும், ரப்பர் நன்றாகப் பிடிக்கும். நமக்கு அதே சமயம்தான் அடைமழையும் சம்பா அறுவடையும். கும்பகோணம், தஞ்சாவூர் வழியாக இரவில் போகிற மைசூர் எக்ஸ்பிரஸில் ஸ்லீப்பர் டிக்கெட் இப்போது 60 நாளுக்கு முன்பு திறக்கிறது, முன்பு போல 120 இல்லை. பொங்கல் வாரத்தை விட்டுவிடுங்கள், பெங்களூர்க்காரர்கள் மொத்தப் பேரும் ஊருக்கு வந்து திரும்புகிற நேரம் அது. தை கடைசி வெள்ளிக்கிழமைகளில் இடம் கிடைக்கும்.